90.4 காலியா? காருக்குள் ஒரு குட்டி ரேடியோ நிலையத்தின் கதை

போன பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது விக்கிரவாண்டி டோலில் வண்டிகள் அரை கிலோமீட்டருக்கு வரிசை கட்டி நின்றன. எங்கள் காரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திடீர்னு பாட்டு நின்றுபோய், ஸ்பீக்கரில் வயதான ஒரு அம்மாவின் குரல் கேட்டது. "எங்கப்பா இருக்க? மாத்திரை வாங்கிட்டியா? அந்த வெள்ளை மாத்திரை தீர்ந்துபோச்சுன்னு சொன்னேனே..." கொஞ்சம் இடைவெளி. "சரி சரி, பாத்து வா. ராத்திரி சோத்துக்கு வந்துருவல்ல?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். எங்கள் இருவர் ஃபோனிலும் கால் எதுவும் இல்லை. வரிசை பத்தடி நகர்ந்தது. அந்தக் குரல் கரகரத்து மறைந்து, எங்கள் பாட்டு விட்ட இடத்துக்குச் சற்றுத் தள்ளித் தொடர்ந்தது. மகன் என்ன பதில் சொன்னான் என்பது எங்களுக்குக் கேட்கவே இல்லை. அம்மாவின் பாதி மட்டும்தான் வந்தது.

என்ன நடந்ததுன்னு புரிய எனக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. என் கார் பழையது. அதிலுள்ள ஸ்டீரியோவில் ரேடியோவும் சிடியும் மட்டும்தான். புளூடூத் கிடையாது, ஒயர் சொருக ஓட்டையும் கிடையாது. அதனால் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் கட்டைவிரல் அளவு கருவி ஒன்றைச் சொருகி வைத்திருக்கிறேன். ஃபோனிலிருந்து புளூடூத் வழியாகப் பாட்டை வாங்கி, அதை எஃப்.எம். அலையாக மாற்றி ஒலிபரப்பும். கார் ரேடியோவை அதே எண்ணில் வைத்தால் பாட்டு கேட்கும். அதாவது ஒரே ஒரு நேயருக்காக நடக்கும் ரேடியோ நிலையம். பக்கத்து வண்டிக்காரரும் அதே மாதிரி ஒன்றை, அதே எண்ணில் வைத்திருந்திருக்கிறார். அவருக்கு அம்மாவிடமிருந்து கால் வந்ததும் அம்மாவின் குரல் அவருடைய நிலையத்திலிருந்து ஒலிபரப்பாகி, என் ரேடியோ வரை வந்துவிட்டது. மகன் பேசியது ஃபோனுக்குள் போனதே தவிர ஒலிபரப்பாகவில்லை.

அந்த எண் 90.4. ரிச்சி தெருவில் கருவியை வாங்கும்போது கடைக்காரரே வைத்துக் கொடுத்தார். "90.4 வைங்க சார். அங்க ஒண்ணும் வராது, காலிதான்." எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார் போல.

இந்த "காலிதான்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சில வாரம் படித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

வாசல் இல்லாத பெட்டி

காரில் ரேடியோ வந்தது 1930 வாக்கில். சிகாகோவின் பால் கால்வின் தன் கம்பெனி செய்த ரேடியோவைச் சொந்தக் காரில் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ தயாரிப்பாளர் மாநாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். உள்ளே கடை போடவில்லை. வெளியே காரை நிறுத்தி, சத்தமாகப் பாடவிட்டு ஆர்டர் பிடித்தார். மோட்டார் என்பதையும் அந்தக் காலத்து விக்ட்ரோலா கிராமஃபோன் பெயரின் வாலையும் ஒட்டி 'மோட்டரோலா' என்று பெயர் வைத்தார்.

ஆனால் ரேடியோ என்றால் ஸ்டேஷன்காரர் போடுவதைத்தான் கேட்க வேண்டும். நமக்குப் பிடித்த பாட்டை நாமே போட்டுக்கொள்ளும் ஆசை அடுத்த அறுபது எழுபது வருஷத்துக்கு ஓயவில்லை. 1956-இல் கிரைஸ்லர் கம்பெனி காருக்குள் இசைத்தட்டுக் கருவியையே வைத்தது. நிமிஷத்துக்கு 16⅔ சுற்று சுற்றும் தனி வகைத் தட்டு. கடையில் கிடைக்கும் சாதாரணத் தட்டு எதுவும் அதில் ஓடாது. கொலம்பியா கம்பெனி அதற்கென்று போட்டுத் தருவதை மட்டுமே கேட்கலாம். சில வருஷத்தில் அது ஒழிந்தது. 1965-இல் ஃபோர்டு, 1966 மாடல் கார்களுக்கு எய்ட்-டிராக் டேப் கொண்டுவந்தது. பிலிப்ஸ் 1963-இல் வெளியிட்ட கேசட் மெல்ல மெல்லக் கார்களுக்குள் நுழைந்தது.

இந்த வரிசையில் ஒரு விஷயம் கவனித்தேன். காருக்குள் இருக்கும் பெட்டி எந்த வடிவத்தை ஏற்கும் என்பதைக் கார் கம்பெனி ஒருமுறை முடிவு செய்துவிடும். அதன்பின் அந்தக் கார் பத்துப் பதினைந்து வருஷம் ஓடும். வெளியில் இசை கேட்கும் கருவியோ நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறும். 1979-இல் வாக்மேன், 1984-இல் சோனியின் கையடக்க சிடி பிளேயர், 2001 அக்டோபரில் ஐபாட். ஐபாடை ஆப்பிள் விற்றதே 'ஆயிரம் பாட்டு உங்கள் பையில்' என்று சொல்லித்தான். ஆயிரம் பாட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காரில் ஏறியதும் ரேடியோ விளம்பரம் கேட்க வேண்டிய நிலை.

கேசட் பெட்டி உள்ளவர்களுக்கு ஒரு வழி இருந்தது: ஒயர் தொங்கும் டூப்ளிகேட் கேசட். டேப் ஓடவேண்டிய இடத்தில் ஒரு குட்டி மின்காந்தம், பெட்டியின் ஹெட்டை ஏமாற்றிப் பாட்டை உள்ளே அனுப்பும். சிடி பெட்டி வந்ததும் அந்த வழியும் அடைந்தது. சிடிக்குள் ஒயரை விட முடியாது.

எந்தப் பெட்டியாக இருந்தாலும் ஒரே ஒரு வழி மட்டும் எப்போதும் திறந்தே இருந்தது. அது ஆன்டெனா. எல்லாக் கார் ஸ்டீரியோவிலும் எஃப்.எம். உண்டு. உள்ளே போக வேண்டுமென்றால் ரேடியோ நிலையமாக மாறித்தான் போக வேண்டும்.

1938: இவ்வளவு தூரம் வரை பேசலாம்

ரேடியோ நிலையம் நடத்த லைசென்ஸ் வேண்டும். எந்த நாட்டுச் சட்டமும் அப்படித்தான். நம் ஊரில் 1885 தந்திச் சட்டமும் 1933 கம்பியில்லாத் தந்திச் சட்டமும் அதைத்தான் சொல்லின. ஒலிபரப்ப மட்டுமில்லை, கேட்கவும் லைசென்ஸ் வேண்டியிருந்தது. என் தாத்தா வீட்டு வால்வு ரேடியோவுக்கு வருஷா வருஷம் தபால் ஆபீஸில் பணம் கட்டி, புத்தகத்தில் ஸ்டாம்ப் ஒட்டி வாங்கி வருவார்.

அப்படியிருக்க, லைசென்ஸ் இல்லாத குட்டி நிலையம் என்ற யோசனை எங்கிருந்து வந்தது? நான் ஐபாட் காலத்தில் தேடினேன். விடை 1938-இல் இருந்தது.

அப்போது அமெரிக்காவில் ஒயரில்லாத கிராமஃபோன் பிரபலமாகத் தொடங்கியது. இசைத்தட்டுக் கருவிக்குள் ஒரு சின்ன அலைபரப்பி இருக்கும். கூடத்தில் இருக்கும் பெரிய ரேடியோவை ஒரு குறிப்பிட்ட எண்ணில் வைத்தால், அறைக்குள் ஓடும் தட்டு அதில் பாடும். ஃபில்கோ கம்பெனி ரேடியோவைத் தூரத்திலிருந்து இயக்கும் ஒயரில்லா ரிமோட்டையும் அதே சமயத்தில்தான் விற்றது. இவை எல்லாமே சட்டப்படி அலைபரப்பிகள். வீட்டுக்கு வீடு லைசென்ஸ் கொடுப்பது நடக்கிற காரியமா?

அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1938-இல் ஒரு கோடு கிழித்தது. கருவியிலிருந்து குறிப்பிட்ட தூரத்தில் அலையின் வலிமை மீட்டருக்கு 15 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. அதற்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். அந்தத் தூரம் அலைநீளத்தைப் பொறுத்து மாறும். 1,000 கிலோஹெர்ட்ஸில் சுமார் 48 மீட்டர். அதாவது உன் குரல் உன் வீட்டுக்குள் இருக்கும் வரை நீ பேசலாம், அடுத்த வீட்டுக்காரன் ரேடியோவில் கேட்கக்கூடாது. பிற்காலத்தில் 'பார்ட் 15' என்று அழைக்கப்படும் விதிகளுக்கு இதுதான் வேர். இன்று கேரேஜ் கதவு ரிமோட்டிலிருந்து வைஃபை வரைக்கும் அந்த ஊரில் இந்த விதிகளின் கீழ்தான் வருகின்றன.

எஃப்.எம்-முக்கு இப்போதுள்ள அமெரிக்க வரம்பு: 3 மீட்டர் தூரத்தில் மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட். ஐரோப்பாவில் வேறு மாதிரி அளக்கிறார்கள்: மொத்தச் சக்தி 50 நானோவாட். ஒரு வாட்டை நூறு கோடியாகப் பிரித்து அதில் 50 பங்கு. 10 கிலோவாட் நிலையம் ஒன்று இதைவிட 20,000 கோடி மடங்கு பெரியது. இரண்டு கணக்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பார்த்தால், அமெரிக்க வரம்பு ஐரோப்பிய வரம்பில் ஏறக்குறைய கால் பங்குதான் தேறும்.

எஃப்.எம்-மின் விசித்திரக் குணம்

கதைக்குத் தேவைப்படுவதால் ஒரு சின்ன விஞ்ஞானம். எஃப்.எம்-மை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். காப்புரிமை கிடைத்தது 1933 டிசம்பரில். பழைய ஏ.எம். ரேடியோவில் ஒரே எண்ணில் இரண்டு நிலையம் மோதினால் இரண்டும் கலந்து கேட்கும். இரவில் மீடியம் வேவில் கொழும்பும் வேறேதோ ஒரு பாஷையும் சேர்ந்து இரைந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். எஃப்.எம்-மில் அப்படிக் கலக்காது. எது கொஞ்சம் வலுவாக இருக்கிறதோ அதை ரேடியோ பிடித்துக்கொள்ளும். மற்றதை அநேகமாக முழுசாகவே மறைத்துவிடும். விக்கிரவாண்டியில் பாட்டும் அம்மாவின் குரலும் ஒன்றாகக் கேட்காமல் மாறிமாறிக் கேட்டது இதனால்தான்.

இந்தக் குணம் இருப்பதால்தான் 50 நானோவாட் கருவியே காரில் வேலை செய்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான எஃப்.எம். நிலையங்களுக்குச் சேவை எல்லை என்று வரைவது, அலை மீட்டருக்கு 1,000 மைக்ரோவோல்ட்டாகக் குறையும் இடத்தில். கருவியின் வரம்பு 3 மீட்டரில் 250. தூரம் பாதியானால் வலிமை இரட்டிப்பாகும். ஒன்றரை மீட்டரில் 500, முக்கால் மீட்டரில் 1,000. ஆக, அந்த நிலையத்தின் எல்லை ஓரத்தில் நீங்கள் இருந்தால், ஆன்டெனாவுக்கு முக்கால் மீட்டர் பக்கத்தில் உள்ள கருவி அதற்குச் சமமாக மல்லுக்கட்டும். நகரத்துக்கு நடுவே கருவி தோற்கும். எல்லையைத் தாண்டினால் ஜெயிக்கும். ஹைவேயில் நன்றாகக் கேட்கும் பாட்டு ஊருக்குள் நுழைந்ததும் கரகரப்பது இந்தக் கணக்குதான்.

இன்னொரு பக்கமும் யோசிக்க வேண்டும். கருவி விதியை மீறிப் பத்து மடங்கு அதிகமாக அலைபரப்பினால், அந்த 1,000 மைக்ரோவோல்ட் ஏழரை மீட்டர் வரை போகும். பக்கத்து லேன், அதற்கடுத்த லேன் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

ஐட்ரிப்பும் பிரிட்டனும்

2003-இல் அமெரிக்காவின் கிரிஃபின் கம்பெனி 'ஐட்ரிப்' கொண்டுவந்தது. ஐபாடின் தலையில் உட்காரும் வெள்ளை உருளை. பேட்டரி கிடையாது, ஐபாடிலிருந்தே மின்சாரம் எடுக்கும். திரையும் இல்லை, பட்டனும் இல்லை. அப்போ எண்ணை எப்படி மாற்றுவது? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குட்டி எம்பி3 கோப்பு கொடுத்தார்கள். 87.9 என்று பெயரிட்ட 'பாட்டை'ப் போட்டால் அதில் சங்கேத ஒலி வரும். உருளையில் விளக்கு மினுக்கும்போது நிறுத்தினால், கருவி அந்த எண்ணுக்கு மாறிக்கொள்ளும். பாட்டுக் கேட்கும் கருவிக்குப் பாட்டின் வழியாகவே உத்தரவு!

பிரிட்டனில் இது விற்பனைக்கு வந்ததும் பிரச்சினை ஆரம்பித்தது. அங்கே 1949-ஆம் வருஷச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் எந்த அலைபரப்பியையும் பயன்படுத்தக்கூடாது. அமெரிக்காவின் 1938 கோடு மாதிரி எஃப்.எம். வரிசையில் அங்கே எந்த விலக்கும் இல்லை. ஆக, பாப் பாட்டைத் தன் காரில் கேட்டவர், சட்டத்தின் கண்ணில் லண்டன் மாடிகளில் திருட்டு ரேடியோ நடத்தியவர்களோடு ஒரே வரிசையில் நின்றார். கம்பெனிகள் கருவியைத் திரும்பப் பெற்றன. ஜனங்களோ அமெரிக்காவிலிருந்து வரவழைத்துப் பயன்படுத்தினார்கள்.

கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் கடைசியில் இறங்கிவந்தது. 2006 டிசம்பர் 8 முதல் 50 நானோவாட்டுக்கு உட்பட்ட, முறையாகச் சான்று பெற்ற கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. 68 வருஷம் கழித்து பிரிட்டனும் அந்தக் கோட்டைக் கிழித்தது.

அங்கே கதை சுபமாக முடிகிறது. ஆனால் கோட்டை முதலில் கிழித்த அமெரிக்காவில் அதே 2006-இல் கதை வேறு பக்கம் திரும்பியது.

யார் இடத்தில் யார்?

2006 ஜனவரியில் ஹோவர்ட் ஸ்டெர்ன் என்ற பிரபல வானொலிப் பேச்சாளர் சாதாரண ரேடியோவை விட்டு 'சிரியஸ்' செயற்கைக்கோள் ரேடியோவுக்குப் போனார். பச்சையாகப் பேசுவதற்குப் பெயர் போனவர். அந்தச் செயற்கைக்கோள் பெட்டிகளும் கார் ஸ்டீரியோவுக்குள் நுழைய அதே குறுக்கு வழியைத்தான் பிடித்திருந்தன: உள்ளே ஒரு எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். கொஞ்ச நாளில் புகார்கள் கிளம்பின. கிறிஸ்தவப் பாடல் நிலையத்தையோ பொது வானொலிச் செய்தியையோ கேட்டுக்கொண்டு போகிறவருக்குச் சிக்னலில் நின்றதும் ஸ்டெர்னின் குரல் கேட்கிறது. பச்சை விளக்கு விழுந்து பக்கத்து வண்டி நகர்ந்ததும் மறைந்துவிடுகிறது. எங்களுக்கு விக்கிரவாண்டியில் நடந்ததேதான்.

ஏன் குறிப்பாகப் பக்திப் பாடலும் பொது வானொலியும் மாட்டின? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

1945-இல் எஃப்.சி.சி. எஃப்.எம்-மை இன்றுள்ள 88 முதல் 108 வரைக்கும் இடம் மாற்றியபோது, கீழ் ஓரத்தில் 88 முதல் 92 வரை இருபது எண்களை லாபநோக்கமில்லாத கல்வி நிலையங்களுக்கென்று ஒதுக்கி வைத்தது. 1948 முதல் கல்லூரிகள் வெறும் 10 வாட்டில்கூட அங்கே நிலையம் தொடங்க முடிந்தது. ரேடியோ முள்ளை இடது ஓரத்துக்குத் தள்ளினால் கல்லூரி மாணவர்கள், பொது வானொலி, சபைகள், பார்வையற்றோருக்குப் படிப்பவர்கள். விளம்பரம் இல்லை, பணம் இல்லை, சக்தியும் குறைவு.

இனி மலிவு டிரான்ஸ்மிட்டர்களின் உள்ளே பார்ப்போம். ஜப்பானின் ரோம் கம்பெனி செய்த ஒரு சிப் ரொம்பப் பிரபலம். அதில் பதினான்கு எண்கள் முன்கூட்டியே பதிந்திருக்கும்: 87.7 முதல் 88.9 வரை ஏழு, 106.7 முதல் 107.9 வரை ஏழு. நடுவே ஒன்றும் கிடையாது. அந்த முதல் ஏழில் ஐந்து, அதாவது 88.1 முதல் 88.9 வரை, கல்வி நிலையங்களின் இடத்துக்குள் விழுகின்றன. சிப் செய்தவர்களுக்கு யார் மீதும் கோபமில்லை. அது ஓரம், அங்கே கூட்டமில்லை, அவ்வளவுதான்.

ஓரத்தில் கூட்டமில்லாமல் தெரிவதற்குக் காரணம் அங்கே இருப்பவர்களின் குரல் சின்னது என்பதே. பெரிய வணிக நிலையத்தின் எண்ணில் யாரும் கருவியை வைக்க மாட்டார்கள். வைத்தாலும் பாட்டு கேட்காது, நிலையமே ஜெயித்துவிடும். சின்ன நிலையத்தின் எண்ணில் வைத்தால் கருவி ஜெயிக்கும். ஜெயிப்பதால் அந்த எண் 'காலி' என்று பெயர் வாங்கும்.

நம் ஊரில் இதற்கு ஒரு பழைய சொல் உண்டு: புறம்போக்கு. வருவாய்க் கணக்கில் வரி விதிக்காத நிலம். மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு என்று வகை வகையாகப் பதிவேட்டில் இருக்கும். ஆடு மேயும், பிள்ளைகள் விளையாடும், மழைத்தண்ணீர் நிற்கும். கணக்கில் வருமானம் இல்லாததால் பார்க்கிறவனுக்கு அது சும்மா கிடக்கிற இடம். வீடு கட்டிவிட்டு, 'சும்மாதானே கிடந்துச்சு' என்பான். ரேடியோ முள்ளின் இடது ஓரம் அலைவெளியின் புறம்போக்கு.

அமெரிக்க ஒலிபரப்பாளர் சங்கம் 2006-இல் கருவிகளை வாங்கிச் சோதித்தது. முக்கால்வாசிக் கருவிகள் வரம்பை மீறின. பொது வானொலி அமைப்பான என்.பி.ஆரும் தனியே சோதனை நடத்தியது. எஃப்.சி.சி. விசாரணை வந்ததும் செயற்கைக்கோள் கம்பெனிகள் சில மாடல்களை நிறுத்தின. 2008-இல் எக்ஸ்.எம்., சிரியஸ் இரண்டும் இணையும் நேரத்தில், இந்த விதிமீறலுக்கும் தரையில் வைத்த துணை அலைபரப்பிகள் தொடர்பான விதிமீறலுக்கும் சேர்த்து அரசுக்குக் கிட்டத்தட்ட 2 கோடி டாலர் கட்டின.

இதில் ஒரு வேடிக்கை. 2000-இல் எஃப்.சி.சி. 100 வாட் சக்தியில் ஊர்ச் சபைகளும் பள்ளிகளும் நடத்த 'லோ பவர் எஃப்.எம்.' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. 'இடைஞ்சல் வரும்' என்று எதிர்த்ததில் முன்னால் நின்றவர்கள் இதே ஒலிபரப்பாளர் சங்கமும் என்.பி.ஆரும்தான். அவர்கள் பேச்சைக் கேட்டு நாடாளுமன்றம் அந்த வருஷக் கடைசியில் திட்டத்தைக் குறுக்கியது. பிறகு நடந்த ஆய்வு அந்தப் பயத்துக்குப் பெரிய ஆதாரம் இல்லை என்றது. கட்டுப்பாடு தளர 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லைசென்ஸ் கேட்டு வரிசையில் நின்ற ஊர் நிலையத்துக்குப் பத்து வருஷம் கதவு மூடியிருந்த அதே காலத்தில், யாரும் கேட்காமலே எண்ணற்ற குட்டி நிலையங்கள் லைட்டர் சாக்கெட்டில் முளைத்துவிட்டன.

புதுக் கார்களில் ஒயர் சொருகும் ஓட்டையும் புளூடூத்தும் வந்த பிறகு பிரச்சினை தானாகத் தணிந்தது. யாரும் திருந்தவில்லை, பெட்டிக்கு ஒருவழியாக வாசல் வைத்துவிட்டார்கள்.

திரும்பவும் 90.4

இவ்வளவும் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ரொம்ப நாளாக எனக்கு ஒரு குறை இருந்தது. ஊரிலிருந்து திரும்பும்போது தாம்பரம் தாண்டும் வரை பாட்டு சுத்தமாகக் கேட்கும். கிண்டி நெருங்கினால் இரைச்சல், கோட்டூர்புரம் பக்கம் போனால் பாட்டே போய் யாரோ பேசுவார்கள். "சனியன், டிஸ்டர்பன்ஸ்" என்று திட்டிக்கொண்டே வால்யூமைக் குறைப்பேன். மலிவுக் கருவி, அதான் இப்படி என்றுதான் நினைத்திருந்தேன்.

90.4-இல் இருப்பது அண்ணா எஃப்.எம். அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து 2004 பிப்ரவரி 1 அன்று ஒலிபரப்பைத் தொடங்கிய நிலையம். இந்தியாவின் முதல் வளாகச் சமூக வானொலி. அதற்கு முன் அலைவெளி இங்கே யார் கையில் இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். சென்னையில் 1977-இல் எஃப்.எம். வந்தும் கால் நூற்றாண்டு அரசு வானொலி மட்டும்தான். 'அலைவரிசை பொதுச் சொத்து' என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. 2002-இன் கடைசியில் கல்வி நிறுவனங்களுக்கும் 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் சமூக வானொலி நடத்த அனுமதி கிடைத்தது. சக்தி 100 வாட்டுக்குள், ஐந்து பத்துக் கிலோமீட்டர் வரை கேட்கும். 90.4 என்ற ஒரே எண் பல ஊர்களில் பல சமூக வானொலிகளுக்குத் தரப்பட்டிருக்கிறது. எது அலைவெளியில் நம் பொதுமக்களுக்கென்று கிடைத்த சின்ன மேய்ச்சல் நிலமோ, அதைத்தான் கடைக்காரர் 'காலிதான் சார்' என்று எனக்குக் கொடுத்திருக்கிறார். அந்த டிஸ்டர்பன்ஸ் உண்மையில் ஒரு நிலையம். அதற்கு டிஸ்டர்பன்ஸ் நான்.

என் ஒரு கருவியால் அண்ணா எஃப்.எம். மூழ்கிவிடாது, தெரியும். பக்கத்துக் காரில் ஒரு நேயர் ஒரு சிக்னல் நேரத்துக்கு இழந்திருப்பார். ஆனால் அந்த நிலையத்தின் எல்லை ஓரத்தில் இருக்கும் நேயரைத்தான் நான் இழக்கச் செய்கிறேன், நடுவில் இருப்பவரை இல்லை. சின்ன நிலையத்துக்கு ஓரத்து நேயரும் கணக்குதான்.

இந்தக் கருவி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு யோசனை. ஒன்று, எண்ணைத் தேடும்போது முதலில் கருவியைக் கழற்றிவிட்டு ரேடியோவை மட்டும் ஓடவிடுங்கள். மெல்லிசாக ஒரு பேச்சுக் கேட்டாலும் அந்த எண் காலி இல்லை. ஊர் மாறினால் திரும்பத் தேட வேண்டும். சென்னையில் காலியாகத் தெரியும் எண்ணில் மதுரையில் ஆள் இருக்கலாம். இரண்டு, கருவி வழியாக வரும் ஃபோன் கால் ஒலிபரப்பாகிறது என்பதை மறக்காதீர்கள். வெள்ளை மாத்திரை தீர்ந்துபோன விஷயம் எங்களுக்குத் தெரியும்.

போன வாரம் வேறு வேலையாக ரிச்சி தெருப் பக்கம் போனேன். அதே கடை. ஒரு பையன் கருவி வாங்கிக்கொண்டிருந்தான். "90.4 வைப்பா, காலிதான்" என்றார் கடைக்காரர். நான் சும்மா இருக்காமல், "அண்ணே, அங்க ஒரு ஸ்டேஷன் இருக்கு" என்றேன்.

"அதெல்லாம் யாரு சார் கேக்குறா?"

என்னிடம் பதில் இல்லை. அன்று சாயங்காலம் வீடு திரும்பும்போது கருவியைக் கழற்றி டேஷ்போர்டில் போட்டுவிட்டு 90.4-ஐ ஓடவிட்டேன். ஒரு அம்மா சர்க்கரை நோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், நடுவில் நேயர் ஒருவருக்குப் பதில் சொன்னார். சைதாப்பேட்டைப் பாலம் வரை கேட்டேன். இப்போது அது என் ஸ்டீரியோவில் மூன்றாம் பட்டனில் இருக்கிறது. பாட்டுக்கு வேறு எண் பார்த்துக்கொண்டேன்.